சுமை பகிரும் கருவிகள்: எச்சரிக்கை மணி எப்போது அடிக்க வேண்டும்?

ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டு சென்ற நான்கு முக்கிய மின்வடங்களில் ஒன்று 1998ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி செயலிழந்தது. நகரம் தொடர்ந்து இயங்கியது. செயலிழந்த வடத்தின் சுமையை மற்ற மூன்றும் ஏற்றுக்கொண்டன. பிப்ரவரி 9ஆம் தேதி இரண்டாவது வடமும் போனது. அப்போதும் குவீன் வீதியில் கடைகள் திறந்திருந்தன, அலுவலகங்களில் மின்தூக்கிகள் ஓடின. பிப்ரவரி 19, 20 ஆகிய தேதிகளில் எஞ்சியிருந்த இரண்டு வடங்களும் அடுத்தடுத்துச் செயலிழந்தன. நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரத்தின் வர்த்தக மையத்தில் சுமார் 20 வீதித் தொகுதிகள் இருளில் மூழ்கின.

மின்விநியோகம் வழமைக்குத் திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. அந்தப் பகுதியில் பணியாற்றிய சுமார் 74 ஆயிரம் பேரில் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் வீடுகளிலிருந்தோ புறநகர்களுக்கு மாற்றப்பட்ட அலுவலகங்களிலிருந்தோ வேலை செய்ய நேர்ந்தது. சில நிறுவனங்கள் ஊழியர்களை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பின. அங்கு குடியிருந்த சுமார் ஆறாயிரம் பேரில் பெரும்பாலானோர் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

முதல் வடம் போன நாளுக்கும் இருள் சூழ்ந்த நாளுக்கும் இடையே சுமார் 30 நாட்கள் இருந்தன. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்த 30 நாட்களைப் பற்றியது.

இன்று அதே ஏற்பாடு கணினி வலையமைப்புகளில் எங்கும் பரவியிருக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், விமானச் சீட்டுப் பதிவதும், வரிப் படிவம் அனுப்புவதும் ஒரே ஒரு கணினியில் நடப்பதில்லை. பல சர்வர்கள் வரிசையாக நிற்க, அவற்றின் முன்னால் நிற்கும் ஒரு கருவி, வரும் கோரிக்கைகளை அவற்றுக்கிடையே பங்கிட்டு அனுப்புகிறது. இதைக் கணினித் துறையினர் லோட் பேலன்சர் என்பர். சுமை பகிரும் கருவி என்று நாம் சொல்லலாம். ஒரு சர்வர் விழுந்தால் கருவி அதை வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பங்கை மற்றவற்றுக்குத் தள்ளிவிடுகிறது. பயனாளருக்கு எதுவும் தெரிவதில்லை. அதுவே இக்கருவியின் சிறப்பு. கண்காணிப்பவருக்கும் எதுவும் தெரியாமல் போவது அதே சிறப்பின் மறுபக்கம்.

எனவே இக்கருவியில் எச்சரிக்கைகளை எவ்வாறு அமைப்பது என்ற கேள்வி, பார்ப்பதற்கு ஒரு தொழில்நுட்பச் சில்லறை விவகாரம் போலத் தோன்றினாலும், சேவை நிற்பதற்கு முன்னதாக எவருக்காவது தெரியுமா தெரியாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கணக்கில் ஒளிந்திருக்கும் ஆபத்து

நான்கு சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் திறனில் 60 விழுக்காடு வேலை செய்கிறது. மொத்தச் சுமை 240. எந்தச் சர்வராவது 85 விழுக்காட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும் என்று பொறியாளர் அமைத்திருக்கிறார். பெரும்பாலான இடங்களில் காணப்படும் அமைப்பு இதுதான்.

ஒரு சர்வர் விழுகிறது. மீதி மூன்றும் தலா 80 விழுக்காடு சுமக்கின்றன. வரம்பு 85 என்பதால் மணி அடிக்கவில்லை. திரையில் எல்லாம் பச்சை. இரண்டாவது சர்வரும் விழுகிறது. எஞ்சிய இரண்டும் தலா 120 விழுக்காடு சுமக்க வேண்டும், அது இயலாது. மணி அடிக்கும்போது சேவையும் விழுந்துகொண்டிருக்கிறது.

இங்கே தவறு 85 என்ற எண்ணில் இல்லை. அதை 75 ஆக்கினால் இந்தக் குறிப்பிட்ட நிலைமை பிடிபடும். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் காரணமின்றி மணி அடிக்கத் தொடங்கும். கேட்கப்படும் கேள்விதான் பிழையானது. "இப்போது எவ்வளவு சுமை?" என்று கருவி கேட்கிறது. "இன்னும் ஒன்று போனால் தாங்குமா?" என்று அது கேட்க வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வியை எண்ணாக மாற்றுவது கடினமல்ல. மொத்தச் சுமையை, உயிருடன் உள்ள சர்வர்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும். நான்கும் நலமாக இருக்கையில் 240ஐ மூன்றால் வகுத்தால் 80, பாதகமில்லை. ஒன்று விழுந்த கணத்தில் 240ஐ இரண்டால் வகுக்க வேண்டும், விடை 120. அந்தக் கணத்திலேயே, அதாவது சேவை சீராக நடந்துகொண்டிருக்கும்போதே, பொறியாளரின் தொலைபேசி அடிக்க வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் அடிக்க வேண்டும். மாறாக, நான்கும் தலா 30 விழுக்காட்டில் ஓடும் இடத்தில் ஒன்று விழுந்தால், காலையில் பார்க்க ஒரு மின்னஞ்சல் போதும். விழுந்த சர்வர் ஒன்றுதான். எச்சரிக்கையின் அவசரம் வேறு.

ஆக்லாந்து வடங்களின் சுமைக் கணக்கு இவ்வளவு எளிமையானதல்ல. ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை ஒன்றே.

தாங்கும் திறன் என்று எழுதிவைத்த எண்

ஆக்லாந்து விவகாரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அப்போது நகருக்கு மின்சாரம் வழங்கிய மெர்க்குரி எனர்ஜி நிறுவனத்தின் ஆவணங்களில் ஒவ்வொரு வடமும் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு ஓர் எண் இருந்தது. நிலத்தடி வடத்தின் திறன் அதன் கம்பியை மட்டும் பொறுத்ததல்ல. மின்சாரம் பாயும்போது வடம் சூடாகிறது. அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் கடத்திச் செல்ல வேண்டும். ஈரமண் வெப்பத்தை நன்கு கடத்தும். காய்ந்த மண் கடத்தாது. 1997-98 எல் நினோ ஆண்டு. அந்தக் கோடை வழக்கத்தை மீறிய வெப்பமும் வறட்சியும் கொண்டது. சூடேறிய வடம் தன்னைச் சுற்றிய மண்ணை மேலும் காய வைத்தது. காய்ந்த மண் வடத்தை மேலும் சூடாக்கியது. போதாக்குறைக்கு நான்கில் இரண்டு வடங்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பழையவை.

வழக்கறிஞர் ஹியூ ரெனி தலைமையில் நியூசிலாந்து அரசு நியமித்த விசாரணை, வடங்களின் பராமரிப்பு முதல் நெருக்கடிக்கான முன்திட்டம் வரை பல குறைகளை ஆராய்ந்தது. வடங்கள் உண்மையில் தாங்கக்கூடிய அளவு, நம்பப்பட்டிருந்த அளவைவிடக் குறைவாக இருந்தது என்பது அதன்போது தெளிவானது.

கணினியிலும் இதே கதைதான். ஒரு சர்வர் நொடிக்கு ஆயிரம் கோரிக்கை தாங்கும் என்று வாங்கிய அன்று சோதித்து எழுதி வைக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் மென்பொருள் கனத்துவிடுகிறது, மறைகுறியாக்கம் கூடுதலாகிறது, தரவுத்தளம் பெருத்துவிடுகிறது. எழுதிவைத்த எண் மட்டும் மாறுவதில்லை. எச்சரிக்கை வரம்பு அந்தப் பழைய எண்ணின் 85 விழுக்காட்டில் அசையாமல் நிற்கிறது.

நலச் சோதனை எதைச் சோதிக்கிறது?

ஒரு சர்வர் உயிருடன் இருக்கிறதா என்பதைச் சுமை பகிரும் கருவி எப்படி அறிகிறது? சில நொடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டிப் பார்க்கிறது. பரவலாகப் பயன்படும் ஹெச்ஏ பிராக்சி என்ற மென்பொருளில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், இந்தச் சோதனை 2 நொடிக்கு ஒருமுறை நடக்கும். தொடர்ந்து 3 முறை தோற்றால் சர்வர் நீக்கப்படும். தொடர்ந்து 2 முறை தேறினால் மீண்டும் சேர்க்கப்படும். எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி கருவிகளில் 5 நொடிக்கு ஒரு சோதனை, 16 நொடிகள் பதிலில்லை என்றால் நீக்கம் என்பது வழக்கமான அமைப்பு. மூன்று சோதனைகளுக்கான கால அளவும் ஒரு நொடியும் என்ற கணக்கிலிருந்து அந்த 16 வருகிறது.

பிரச்சினை எண்களில் அதிகமில்லை. தட்டிப் பார்ப்பது எந்த ஆழத்துக்கு என்பதில்தான் பல நிறுவனங்கள் வழுக்குகின்றன. இணைப்புக் கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை, கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒப்பானது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. பயனாளருக்குப் பிழைப் பக்கத்தைக் காட்டும் சர்வரும் கதவைத் திறந்தே வைத்திருக்கும். பிழைப் பக்கத்தை மிக வேகமாக அனுப்ப முடியும் என்பதால், குறைந்த சுமை உள்ள சர்வர் என்று கருதி, கருவி அதற்கே மேலும் மேலும் கோரிக்கைகளை அனுப்புவதும் உண்டு.

மறுதலையாக, மிக ஆழமான சோதனையும் ஆபத்தானது. ஒவ்வொரு சர்வரையும் சோதிக்கும்போது தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்க்கும்படி அமைத்தால், தரவுத்தளம் ஒரு நிமிடம் தாமதித்ததும் எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் நோயாளிகள் என்று அறிவிக்கப்படும். உண்மையில் ஒன்றுகூட விழவில்லை. கருவி எல்லாவற்றையும் நீக்கிவிட்டது.

இந்த அனுபவத்தின் பயனாகவே சில நவீன கருவிகளில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. என்வாய் என்ற மென்பொருளில், நலமான சர்வர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டால், கருவி தன் நலச் சோதனையையே நம்ப மறுத்து, எல்லாச் சர்வர்களுக்கும் மீண்டும் பகிரத் தொடங்கும். எஞ்சிய சிலவற்றின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிக் கொல்வதைவிட, சில கோரிக்கைகள் தவறுவது மேல் என்ற கணிப்பு அது. 1998இல் ஆக்லாந்தின் மூன்றாவது, நான்காவது வடங்களுக்கு அத்தகைய சலுகை கிடைக்கவில்லை.

நலச் சோதனையே வினையாக முடிந்த அண்மைய உதாரணம் 2025 அக்டோபர் 20ஆம் தேதி அமேசான் நிறுவனத்தின் அமெரிக்காவிலுள்ள வடக்கு வர்ஜினியா தரவு மையங்களில் நிகழ்ந்தது. நியூசிலாந்து நேரப்படி அன்றிரவு எட்டு மணியளவில் அது தொடங்கியது. முதற்காரணம் முகவரிப் பதிவேட்டுக் கோளாறு. ஆனால் அது சரிசெய்யப்பட்ட பின்னரும் தொல்லை நீண்டது. புதிதாகத் தொடங்கப்பட்ட கணினிகளுக்கு வலையமைப்பு முழுமையாகச் சென்று சேராததால், அங்கிருந்த சுமை பகிரும் கருவிகளின் நலச் சோதனைகள் மாறி மாறித் தோற்றும் தேறியும் கொண்டிருந்தன. நலமாக இருந்த கணினிகளும் நீக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டன. இறுதியில் பொறியாளர்கள் அந்தத் தானியங்கி மாற்றீட்டை நிறுத்திவைத்த பிறகே நிலைமை தணிந்தது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று: ஒரு சர்வர் விழுந்தது என்பதற்கு மட்டுமல்லாமல், கடந்த பத்து நிமிடத்தில் எத்தனை முறை விழுந்து எழுந்தது என்பதற்கும் தனி எச்சரிக்கை வேண்டும்.

பச்சை விளக்கு பொய் சொல்லும் வேளை

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி தொடங்கி நான்கு நாட்கள் நியூசிலாந்துப் பங்குச் சந்தையான என்.இசட்.எக்ஸில் வர்த்தகம் தடைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து ஏவப்பட்ட பரவல் சேவைமறுப்புத் தாக்குதல், அதாவது எண்ணற்ற கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் பொய்க் கோரிக்கைகளைக் குவிக்கும் தாக்குதல், அதன் இணையதளத்தை முடக்கியது. பங்குகளை வாங்கி விற்கும் கணினி தாக்குதலுக்கு இலக்காகவில்லை. ஆனால் நிறுவனங்களின் அறிவிப்புகள் இணையதளத்தின் வழியாகவே முதலீட்டாளரைச் சென்றடைந்தன. அறிவிப்பு எல்லோரையும் ஒரே நேரத்தில் எட்டாத சந்தையில் வர்த்தகம் நடத்த முடியாது என்பதால் சந்தை நிறுத்தப்பட்டது.

சர்வர்கள் நலம், வரும் பாதை அடைப்பு என்ற நிலையில், உள்ளே நிற்கும் சுமை பகிரும் கருவி தன் சர்வர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்றே சொல்லும். அதற்கு வெளியுலகம் தெரியாது. ஆகவே வேறொரு நகரிலிருந்து, வேறொரு நிறுவனத்தின் இணைப்பின் வழியாக, சாதாரணப் பயனாளரைப் போல வந்து பார்க்கும் ஒரு கண் தேவை. நீண்ட காலம் இதை ஆடம்பரச் செலவாகவே பல நிறுவனங்கள் கருதின.

நிதிச் சந்தை ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பாய்வு, தொழில்நுட்ப ஆயத்தம் குறித்த கடமைகளை என்.இசட்.எக்ஸ் நிறைவேற்றத் தவறியதாகக் கண்டித்தது. இத்தகைய தாக்குதல் மிரட்டல்கள் நிதித்துறையைக் குறிவைப்பதாக, நாட்டின் அப்போதைய கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட் என்.இசட் 2019 நவம்பரிலேயே எச்சரித்திருந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இதைவிடக் கொடிய ஒன்று கடலுக்கு அப்பால் நடந்தது. 2025 செப்டம்பர் 18ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனம் ஒரு பாதுகாப்புக் கருவியை மேம்படுத்திய போது, சில மாநிலங்களில் அவசர உதவிக்கான 000 அழைப்புகள் சுமார் 13 மணி நேரம் இணையாமல் போயின. சாதாரண அழைப்புகள் இணைந்துகொண்டிருந்தன. நாடு முழுவதற்குமான அவசர அழைப்புகளின் மொத்த எண்ணிக்கையிலும் கண்ணில் படும்படியான சரிவு இல்லை. தம்மிடம் எந்த எச்சரிக்கையும் எழவில்லை என்று நிறுவனத் தலைவர் பின்னர் கூறினார். வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் அதன் கனம் தெரிந்தது. சில மரணங்கள் இந்தத் தடங்கலுடன் தொடர்புபடுத்தப்பட்டன.

மொத்தத்தை மட்டும் பார்க்கும் எச்சரிக்கை சிறுபான்மையைக் காண்பதில்லை. அரசியல் அறிவியல் மாணவனாக இருந்த காலத்தில் தேர்தல் புள்ளிவிவரங்களில் நான் கண்ட அதே குறை இது: நாட்டின் சராசரி நலமாக இருக்கும், ஒரு மாவட்டம் முழுவதும் பட்டினி கிடக்கும். சுமை பகிரும் கருவியில் ஒவ்வொரு சேவை வகைக்கும், இயன்றால் ஒவ்வொரு ஊருக்கும், தனித்தனி வெற்றி விகிதம் பார்க்கப்பட வேண்டும். அளவில் மிகச் சிறியதாகவும் விளைவில் மிகப் பெரியதாகவும் உள்ள வகைக்குத்தான் முதல் எச்சரிக்கை எழுதப்பட வேண்டும்.

கால அளவிலும் சராசரி ஏமாற்றும். வலையமைப்புக் கருவிகளின் நிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு எழுதும் பழக்கம் பல இடங்களில் இன்றும் உண்டு. நாற்பது நொடி நீடித்த நெரிசல் அந்தச் சராசரியில் கரைந்துபோய், வரைபடத்தில் ஒரு மெல்லிய மேடாக மட்டுமே தெரியும்.

ஒரே அகழியில் இரண்டு வடங்கள்

2014 அக்டோபர் 5ஆம் தேதி அதிகாலை ஆக்லாந்தின் பென்ரோஸ் துணைமின் நிலையத்தில் வடங்கள் செல்லும் அகழியில் தீப்பிடித்தது. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தன. காகிதத்தில் அவை தனித்தனி வடங்கள். மண்ணில் அவை ஒரே அகழியில் கிடந்தன.

அதற்கு முன்பு, 2005 ஜூன் 20ஆம் தேதி, நியூசிலாந்து டெலிகாம் நிறுவனத்தின் வலையமைப்பு பல மணி நேரம் சீர்குலைந்து பங்குச் சந்தையும் மூடப்பட்டது. வெவ்வேறு இடங்களில் இரண்டு ஒளியிழை வடங்கள் ஒரே நாளில் சேதமடைந்ததே காரணம். ஒன்றை எலி கடித்ததாகவும் மற்றொன்றைக் குழி தோண்டும் இயந்திரம் அறுத்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. முதல் வடம் அறுந்ததும் சுமை இரண்டாவதுக்கு மாறியது. இரண்டாவது அறுந்தபோது மாறுவதற்கு இடமில்லை.

சுமை பகிரும் கருவிக்குப் பின்னால் எட்டுச் சர்வர்கள் இருக்கலாம். எட்டும் ஒரே அலமாரியில், ஒரே மின்பலகையில் இருந்தால், மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் எட்டு என்ற எண்ணைப் பயன்படுத்துவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். கருவியே ஒன்றாக இருப்பதும் ஆபத்து என்பதால், ஒன்று இயங்க மற்றொன்று காத்திருக்கும்படி இரட்டையாக வைப்பர். காத்திருக்கும் கருவி எப்போதோ செத்துப்போயிருப்பதும், அதன் அமைப்புகள் பழையனவாகவே இருப்பதும், இயங்கும் கருவி விழும் நாளில்தான் தெரியவருகிறது. வேலையில்லாத கருவிக்கும் எச்சரிக்கை வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும் தேதியையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். அது முன்கூட்டியே தெரிந்த தேதி, ஆனாலும் பலமுறை தவறவிடப்படுகிறது.

மணியோசை சென்று சேரும் பாதை

எச்சரிக்கை பிறந்துவிட்டது என்பதால் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருளாகாது. இக்கருவிகள் எஸ்.என்.எம்.பி. என்ற முறையில் அனுப்பும் சாதாரண எச்சரிக்கைச் செய்திகள் ஒப்புகைச் சீட்டில்லாத தபாலைப் போன்றவை. வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்குத் தெரியாது. வலையமைப்பு நெரிசலில் இருக்கும்போதுதான் செய்திகள் தொலையும். எச்சரிக்கை பிறப்பதும் அப்போதுதான். ஒப்புகை கேட்கும் வகையும் அதே முறையில் உண்டு. அதைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

மின்னஞ்சல் வழியே எச்சரிக்கை அனுப்பும் நிறுவனங்கள் சிலவற்றில், அந்த மின்னஞ்சல் சர்வரே அதே சுமை பகிரும் கருவிக்குப் பின்னால் இருக்கும். கருவி விழுந்தால் செய்தியும் அதனுடன் விழும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தபோது, கோளாறைச் சரிசெய்யப் பயன்படும் உள்ளகக் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் தவித்தனர்.

இதற்குப் பழைய காவற்காரர் முறை ஒன்று பயன்படுகிறது. கருவி, நலமாக இருக்கும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலுள்ள ஓர் இடத்துக்கு "நலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரல் நின்றால் வெளியிடம் மணி அடிக்கும். மௌனமே எச்சரிக்கையாகிறது.

கேட்பவர் யார்?

ஆக்லாந்தில் ஒரு நிறுவனத்துக்காக இரவுக் கண்காணிப்புப் பணி செய்யும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் எனக்கு நண்பர். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்து விழுந்த நாட்களைப் பற்றி அவர் சொல்வார். ஒரு சர்வர் 80 விழுக்காட்டைத் தொடும், மணி அடிக்கும். 79க்கு இறங்கும், நலம் என்று செய்தி வரும். மீண்டும் 80, மீண்டும் மணி. "இரவு மூன்று மணிக்கு முப்பதாவது தடவை அடிக்கும்போது யாராவது அதைத் திறந்து பார்ப்பினமோ, அண்ணை?" என்பது அவரது கேள்வி.

இதற்கான மருந்து தெரிந்ததே. எழுப்பும் வரம்பும் அணைக்கும் வரம்பும் வேறாக இருக்க வேண்டும்: 80இல் எழுந்தால் 70க்கு இறங்கிய பின்பே அணைய வேண்டும். சில நிமிடங்களேனும் நீடித்தால் மட்டுமே அடிக்க வேண்டும். பன்னிரண்டு சர்வர்கள் ஒரே காரணத்தால் விழுந்தால் பன்னிரண்டு அழைப்புகள் வரக்கூடாது, ஒன்று வர வேண்டும். பெற்றவர் செய்வதற்கு எதுவும் இல்லாத எச்சரிக்கை அழைப்பாக வரவே கூடாது. அதன் இடம் வரைபடம்.

ஆயினும் இவையெல்லாம் சரியாக அமைந்த பின்பும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எனது பார்வையில் அதுவே பெரியது. மணியோசையைக் கேட்பவருக்கு அதிகாரம் இருக்கிறதா? 1998 ஜனவரி 20ஆம் தேதிக்குப் பிறகு மெர்க்குரி எனர்ஜிக்கு முதல் வடம் போனது தெரியும். பிப்ரவரி 9ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு போனதும் தெரியும். அங்கே எச்சரிக்கை இல்லாமலில்லை. நகரத்தின் சுமையை வலிந்து குறைப்பதா, வர்த்தகர்களை வெளியேறச் சொல்வதா, மின்னாக்கிகளை முன்கூட்டியே தருவிப்பதா என்ற முடிவுகள், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எடுக்கும் முடிவுகள் அல்ல. அவை பணமும் நற்பெயரும் சார்ந்தவை. இன்னும் இரண்டு வடங்கள் உள்ளன என்ற எண்ணம் அத்தகைய முடிவுகளைத் தள்ளிப்போட எப்போதும் உதவும்.

அதே ஆண்டு நிறைவேறிய மின்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின்படி மின்வடங்களும் மின்விற்பனையும் பிரிக்கப்பட்டன. ஆக்லாந்தின் வடங்கள் வெக்டர் என்ற பெயரில் தொடர்ந்தன; மெர்க்குரி என்ற பெயர் வேறு கைக்குப் போனது. இன்று அப்பெயரில் இயங்குவது வேறு நிறுவனம். பென்ரோஸிலிருந்து நகர மையத்துக்கு 9 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான சுரங்கம் தோண்டப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் புதிய வடங்கள் அதனுள் இடப்பட்டன. மண் காய்கிறதா என்ற கவலை அங்கே இல்லை.

எனது நண்பரின் நிறுவனத்தில் எச்சரிக்கைகளை அண்மையில் புதிதாக அமைத்தார்கள். அமைத்ததோடு விடாமல், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், வாடிக்கையாளர் குறைந்த நேரம் பார்த்து, மேலாளரின் அனுமதியுடன் சர்வர் ஒன்றை வேண்டுமென்றே வரிசையிலிருந்து கழற்றினார்கள். ஒரு நிமிடத்துக்குள் அவரது தொலைபேசி அடித்தது. அவர் வேண்டுமென்றே எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அது அடுத்த பொறியாளருக்குப் போனது, அவரும் எடுக்கவில்லை. பத்தாவது நிமிடத்தில், முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர் என்று பட்டியலில் இருந்த மூன்றாவது எண்ணுக்குப் போனது. அந்த எண்ணுக்குரியவர் சென்ற ஆண்டே வேலையை விட்டுப் போயிருந்தார்.